என் பக்கத்து வீட்டுக்காரர்

அந்தப் பக்கத்தை மூன்றாவது முறை படித்து முடித்த பிறகுதான், கையிலிருந்த பச்சைப் பேனாவின் மூடியை இன்னும் திறக்கவே இல்லை என்பதைக் கோதை கவனித்தாள். பிழைகள் நிறைய இருந்தன. ஆனால் அவள் கண்ணுக்கு ஒன்றுமே படவில்லை.

மராட்டி பேசும் ஊரான தேஹு ரோடில், ஸ்டேஷனை ஒட்டிய காலனியில், முதல் மாடி வீட்டின் முன்னறையில், இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். மாலை ஐந்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் பெரியவர்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்கள், கணவரின் ஆபீஸ் விருந்தில் சிரித்தே சமாளித்தவர்கள். அவர்களில் ஒருத்திதான் வைஜயந்தி. நாற்பது வயது. அதே காலனியில் டி பிளாக். கணவன் சாக்கன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளர் வேலைக்கு நேர்காணல். அதற்குத்தான் கோதை ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தாள்: நான் மதிக்கும் ஒருவர்.

வைஜயந்தி தன் நோட்டில் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதியிருந்தாள்.

'நான் மதிப்பவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் உயரம். அதிகம் பேச மாட்டார். அவருடைய வலது காதின் பின்னால் ஒரு மச்சம் இருக்கிறது. அது அவருக்கே தெரியாது. பழுதான சாமான்களோடு அவர் பேசுவார். உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார். கொய்யாப்பழத்தை நாலாக வெட்டுவார். விதைப் பகுதியைத் தான் எடுத்துக்கொண்டு ஓரத்தை எனக்குத் தருவார். என் பல் வலிக்கக் கூடாது. எனக்கு ஜுரம் வந்தால் அறை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவார். விளையாட்டுப் பக்கம் மட்டும்.'

கோதையின் கணவர் வாசுதேவனுக்கு வலது காதின் பின்னால் மச்சம் உண்டு. தலையைக் குனிந்தால்தான் தெரியும். பக்கத்தில் நின்று, அவர் குனியும்வரை காத்திருந்த ஒருத்திக்குத்தான் தெரியும்.

முப்பத்தோரு வருடம் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர் அவர். நாலு மணியானால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். எங்கே என்று அவள் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அவளுக்குப் பிள்ளைகளின் பாடத்தைத் தயார் செய்கிற வேலை இருக்கும்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"டி பிளாக் பக்கம் எல்லாம் போவீங்களா?"

"போவேனே. அந்த வைஜயந்தி வீட்டு மிக்ஸி சிக்கிக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க. போன மாசம் போய்ப் பார்த்தேன். சொன்னேனே உங்கிட்ட."

"சொல்லல."

"சொன்னேன் கோதை. நீ பேப்பர் திருத்திட்டிருந்தே. ம்ம்னு சொன்னே."

சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். தன்னுடைய 'ம்ம்' எத்தனை விஷயங்களைத் தாண்டிப் போகவிட்டிருக்கிறது என்று அவளால் கணக்கெடுக்க முடியவில்லை. இவர் அதைத் தெரிந்துகொண்டுதான், அவள் பேனாவைப் பிடித்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்கிறாரோ?

மறுநாள் சந்தையிலிருந்து கொய்யா வாங்கிவந்தாள். தட்டில் இரண்டு பழமும் கத்தியும் வைத்து அவர் முன் நகர்த்திவிட்டு, நோட்டைத் திருத்துவதுபோல உட்கார்ந்தாள். அவர் ஒரு பழத்தை எடுத்துச் சட்டையில் துடைத்து அப்படியே கடித்தார். டிவியைப் பார்த்துக்கொண்டே முழுதையும் தின்றார். மற்றது தட்டிலேயே கிடந்தது.

வியாழக்கிழமை இஸ்திரிப் பெட்டியின் பிளக்கிலிருந்து ஒரு ஒயரைத் தானே கழற்றிவிட்டு, "சூடாகவே மாட்டேங்குது" என்று கொடுத்தாள். அவர் வாங்கி, திறந்து, முடுக்கி, மூடித் திருப்பிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியிடமும் பேசவில்லை, அவளிடமும் பேசவில்லை.

முன்பெல்லாம் அவளுக்குக் கொய்யாவை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்தான். உனக்கென்ன கஷ்டம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்தான். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இங்கே எப்போது நின்றது என்பதுதான் நினைவில்லை. இங்கே நின்றது வேறெங்கோ தொடர்ந்து நடக்கிறது. நோட்டில் எழுதியிருக்கிறதே.

மாலையில் பிள்ளைகளுக்குக் கதைப் பாடம். ஒன்பதாம் வகுப்பு தீப்தி, கதையில் வரும் கடைக்காரன் திருடன் என்று எழுதியிருந்தாள்.

"பாடத்துல ஆதாரம் எங்க? எந்த வரி?" என்று கேட்டாள் கோதை.

"வரி இல்ல டீச்சர். ஆனா அவன் திருடன்தான். மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது."

"மூஞ்சிய நீ எங்க பார்த்தே?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கோதை சிரிக்கவில்லை. தன்னிடம் வரிக்கு வரி ஆதாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதில் ஒரு விசித்திரமான நிம்மதிகூட இருந்தது.

வெள்ளிக்கிழமையும் அடுத்த திங்களும் வகுப்பில் வைஜயந்தியை அவள் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தினாள். உச்சரிப்பு சரியில்லை, குரல் எழவில்லை, நிமிர்ந்து பார்த்துப் பேசு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷீலா, ஸ்டேஷன் ரோடில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள், "என்ன டீச்சர், இவமேல மட்டும் ஒரேடியா கோபம்? உங்க புடவையத் திருடிட்டாளா?" என்றாள்.

"புடவையா?" என்று கேட்டுவிட்டு கோதை அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

புதன்கிழமை மற்றவர்களை அனுப்பிவிட்டு வைஜயந்தியை மட்டும் இருக்கச் சொன்னாள். நேர்காணல் ஒத்திகை என்றாள். மேஜைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். வைஜயந்தி கைக்குட்டையை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே எழுதியிருந்ததை முழுதும் ஒப்பித்தாள். மச்சம் வந்தது. கொய்யா வந்தது. ஜுரம் வந்தது.

"நல்ல மனுஷனா இருக்காரே" என்றாள் கோதை தமிழில். "எந்த வீடு?"

வைஜயந்தி விழித்தாள். "இன்டர்வியூல அதையும் கேட்பாங்களா டீச்சர்?"

"நான் கேட்கறேன். எந்தப் பக்கத்து வீடு? உன் வலது பக்கம் மராட்டிக்காரக் கிழவி. இடது பக்கம் பூட்டிக் கிடக்குது. எனக்குத் தெரியும்."

போய்ப் பார்த்திருந்தாள். சனிக்கிழமை மாலை டி பிளாக் படிக்கட்டில் ஏறி, காய்கறிப் பையோடு வழி தவறியவள்போல நின்று பார்த்துவிட்டு இறங்கியிருந்தாள். அதைச் சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. வைஜயந்தியின் முகம் சிவந்துவிட்டது.

"திட்டாதீங்க டீச்சர்" என்றாள். "சொந்தமா எழுத வரல. பார்த்துத்தான் எழுதினேன்."

"எதைப் பார்த்து?"

அவள் பையைத் துழாவி நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தாள். ஜெராக்ஸ். ஓரங்கள் கறுத்து, எழுத்து மங்கி, ஜெராக்ஸுக்கும் ஜெராக்ஸ். ஆனால் அந்தக் கையெழுத்தைக் கோதை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவளுடையது. மேலே தலைப்பு: என் கணவர்.

"என் நாத்தனார் ப்ரீதி உங்ககிட்ட படிச்சாளே, பன்னெண்டு வருஷம் முன்னாடி. அப்ப நீங்க குடுத்த மாதிரிக் கட்டுரையாம். ஆளை மாத்து, உறவை மாத்து, வாக்கியத்தை மாத்தாதேன்னு நீங்கதானே சொல்லுவீங்க? உங்க வாக்கியம் நீளம், எனக்கு வாய்ல நிக்கல. அதான் உடைச்சு உடைச்சு எழுதினேன்."

அந்த வருடம் ஒரே மாதத்தில் முப்பது மாதிரிக் கட்டுரைகள் எழுதியிருந்தாள் கோதை. ரயில் பயணம், மழைநாள், நான் பார்த்த சந்தை. எதுவும் இப்போது நினைவில்லை. இதுவும் நினைவில்லை. தன் எழுத்தின் சுழிகளையே யாரோ எழுதியதுபோலப் பார்த்தாள்.

"கணவர்னு இருந்ததை ஏன் பக்கத்து வீட்டுக்காரர்னு மாத்தினே?"

"எங்க வீட்டுக்காரர் இதுல ஒண்ணும் செய்ய மாட்டாரே டீச்சர்." வைஜயந்தி சிரித்தாள். "ஜுரம்னா கதவச் சாத்திட்டு வெளிய போயிடுவார். பொய் சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. பக்கத்து வீடுன்னா யாருக்குத் தெரியப் போகுது? எப்படியும் இதெல்லாம் சும்மா எழுதினதுதானே? நிஜத்துல யாரு இப்படி இருப்பாங்க?"

கோதை காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். பிறகு, "நீ நல்லா சொல்றே. கைக்குட்டைய மட்டும் விட்டுடு. வேலை கெடைக்கும்" என்றாள். ஒன்பது நாளில் அவளிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

வாசுதேவன் மூன்றரை மணிக்குத் தூங்கி எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கோதை எதிரே உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டினாள். தலைப்பையும், கணவர் என்று வரும் இடங்களையும் விட்டுவிட்டாள். அவராகவே கண்டுகொள்வார் என்று நினைத்தாள். பாதியில் அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரு இந்த ஆளு?"

"யாருன்னு தோணுது?"

"எனக்கென்ன தெரியும்? காது, மச்சம் அது இதுன்னு." அவர் அவளை நேராகப் பார்த்தார். "உன் எழுத்துதானே அது? இவ்வளவு கிட்ட இருந்து யாரைப் பார்த்தே?"

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ஒன்பது நாளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல்.

"உங்களைத்தான்" என்றாள்.

"நானா? எனக்கு மச்சமே கிடையாது. சரி, நான்னே வெச்சுக்குவோம். இன்னிக்கு ஏன் எடுத்துப் படிக்கிறே?"

மழுப்பிவிடலாம். பழைய காகிதம் கிடைத்தது என்றால் முடிந்துவிடும். ஆனால் கொய்யாப்பழத்தை வைத்தும், தானே கழற்றிய ஒயரை வைத்தும் அவரைச் சோதித்தாகிவிட்டது. இதிலும் மறைத்தால் அந்தச் சோதனை முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். சொன்னாள். நோட்டு, கொய்யா, இஸ்திரிப் பெட்டி, டி பிளாக் படிக்கட்டு, எல்லாவற்றையும்.

வாசுதேவன் டம்ளரை ஓரமாக நகர்த்தினார். பிறகு சிரித்தார். "அந்தப் பொண்ணோடயா? நானா?" என்று இன்னொரு முறை சிரித்தார். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினாள். கொஞ்சம் பெருமைதான் இருந்ததோ என்று பட்டது. பட்டதுமே தன்மேல் சலிப்பாக இருந்தது. ஆதாரம் முழுக்கக் கரைந்த பிறகும் சந்தேகப்படும் காது தன்பாட்டுக்கு வேலை செய்கிறது.

"பிளக்க நீயா கழட்டினே?" என்றார்.

"ஆமா."

"அதான் பார்த்தேன். ஸ்க்ரூ எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ வேணும்னே கழட்டின மாதிரி இருந்துச்சு." அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "ஏன்னு கேட்கலாம்னு பார்த்தேன். நீ நோட்டுலேர்ந்து நிமிரவே இல்ல."

மணி நாலு. அவர் எழுந்து வாசலில் செருப்பைத் தேடினார். கோதையும் எழுந்து கொடியிலிருந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் வந்தாள்.

"எங்கே?"

"நீங்க போற எடத்துக்கு."

"அஞ்சு மணிக்குப் பசங்க வருவாங்களே?"

"வரட்டும். வந்தா படியில உக்காந்திருக்கட்டும்."

அவர் ஒரு கணம் அவளை அளப்பதுபோலப் பார்த்தார். "காவலுக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அது முழு உண்மையாக இருக்காது என்று தோன்றியதால் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள். அவர் இரண்டு படி இறங்கி, அவள் வரும்வரை நின்றார்.