அக்கினி மூலையில் சாய்தளம்

சுண்ணாம்புக் கோடு கடைக்குள் நுழைந்தபோது சிங்காரம் யாருடைய ரேஷன் கார்டையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். ஓவர்சியர் சார்லஸ் வாளியிலிருந்து பொடியை அள்ளித் தூவியபடி நகராட்சி அலுவலகப் படிக்கட்டின் ஓரத்திலிருந்து நேராக வந்தார். பங்க் கடையின் தகரம் குறுக்கே நின்றதும் கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்தப் பக்கம் சுற்றிப் போய், விட்ட இடத்துக்கு நேராகப் பிடித்து, கேட் வரைக்கும் கோட்டை இழுத்து முடித்தார்.

“என்னா சார், அளவெல்லாம் பலமா இருக்குது?”

“சாய்தளம்ணே. நீங்க கேட்டதுதான். சேங்ஷன் ஆயிடுச்சு.”

சிங்காரத்துக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பின்னே, எத்தனை வருஷமாகக் கேட்டது! இரண்டு காலும் சூம்பிப்போன அவன் மூன்று சக்கர சைக்கிளைக் கையால் சுற்றி ஓட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, யாராவது தூக்கி ஏற்றிவிட, கடலூர் போய், கலெக்டர் ஆபீஸின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வரிசையில் இருந்து மனு கொடுத்தது சும்மா இல்லை. ரேஷன் கார்டை அதன் சொந்தக்காரரிடம் நீட்டிவிட்டு, சில்லறையைக் கூடப் பார்க்காமல் வாங்கி டப்பாவில் போட்டான். அதற்குப் பிறகுதான் கோடு கடையின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போயிருப்பது உறைத்தது.

“கடை நடுவுல வருதே சார்.”

“வருதுண்ணே,” என்றார் சார்லஸ், வாளியைப் பார்த்தபடி.

“படிக்கு அந்தாண்ட பக்கம் பூரா காலியாத்தானே கெடக்குது? அங்க போட்டா என்னாவாம்?”

“அது ஈசானிய மூலையாம். சேர்மன் வாஸ்துக்காரர கூட்டியாந்து காட்டிட்டாரு. ஈசானியத்துல பாரம் ஏத்தக்கூடாதாம். ஏத்துனா நிர்வாகம் நெலைக்காதாம். அக்கினி மூலையில எழுப்புனா பரவால்லையாம்.” சார்லஸ் கையைத் தட்டிக்கொண்டார். “நான் சர்ச்சுக்குப் போறவன்ணே. நான் எந்த மூலையக் கண்டேன்? கோடு போடச் சொன்னாங்க, போடுறேன்.”

அக்கினி மூலையில் இருந்தது சிங்காரத்தின் கடை. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத்தாகக் கிடைத்தது. மணிக்கணக்காக ஆட்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பேசக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. கைக்குக் கை செல்போன் வந்ததும் பூத்தில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. போன் போன இடத்தில் பாண்டிச்சேரியிலிருந்து பழைய ஜெராக்ஸ் மிஷின் ஒன்றை வாங்கி வைத்தான். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், வீட்டு வரி, தண்ணீர் இணைப்பு என்று வந்து நிற்கிற எல்லாருக்கும் இரண்டு நகல் தேவைப்பட்டது. நகராட்சி கேட்டை விட்டு நாலு எட்டு தள்ளிப்போனால் அந்த மிஷினுக்கு வேலை இல்லை. மகள் இசைவாணி சிதம்பரத்தில் நர்சிங் படிப்பது அந்த மிஷினின் பச்சை வெளிச்சத்தில்தான்.

அன்று முழுக்க அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிஷினை அணைத்தான், போட்டான். காகிதக் கட்டைத் தட்டித் தட்டி நேராக்கினான். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்குடன் வந்த மனைவி லோகநாயகி வாசலில் கோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தனியார் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. நீல யூனிபார்ம் சேலையோடு அப்படியே வந்திருந்தாள்.

“என்னா மாமா இது, கோலமா போட்டிருக்காங்க?”

சொன்னான். அவள் தூக்கைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்லுவாங்களே, அது இதுதான். யார் உன்ன மனு குடுக்கச் சொன்னது?”

“அறிவுமதி பட்ட பாட்ட நீ பாத்தியா? நான் இங்கிருந்து பாத்தேன்.”

அறிவுமதி நாலாவது வார்டுக்காரி. இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. புருஷன் செத்து, இறப்புச் சான்றிதழில் பேர் தப்பாக விழுந்து, அதைத் திருத்த நேரில்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சில வருஷத்துக்கு முந்தி ஒருநாள், காலையிலிருந்து இந்தக் கடை நிழலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணி நீட்டினால் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். குடித்தால் எங்கே போவது? கடைசியில் அவள் தம்பியும் ஒரு ஆட்டோக்காரரும் சேர்ந்து உப்பு மூட்டையைப் போலத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். சேலை விலகியதைச் சரிசெய்ய அவளுக்குக் கை இல்லை, ஒரு கை தம்பி கழுத்தில், ஒரு கை அடுத்தவர் கழுத்தில். வரிசையில் நின்ற ஜனம் மொத்தமும் பார்த்தது. அன்றைக்குச் சாயங்காலம் சிங்காரம் எழுதியதுதான் முதல் மனு.

லோகநாயகி தூக்கை வைத்தாள். “அவளுக்கு வழி வேணும், சரி. நமக்குச் சோறு வேணாமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சங்கச் செயலாளர் அன்பரசு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், ஒரு காலுக்கு இரும்புக் காலிப்பர் போட்டவர். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே பேசினார். அந்த வருஷம்தான் சங்கத்தின் பலகையில் ஊனமுற்றோர் என்பதை அழித்து மாற்றுத்திறனாளிகள் என்று எழுதியிருந்தார்கள். எழுத்து மாறிய மாதிரி எல்லாமே மாறும் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

“சிங்காரம், ஏதோ வக்கீல் ஸ்டே வாங்கித் தர்றேன்னு சொன்னாராமே?”

“சொன்னாரு. இங்க ஜெராக்ஸ் எடுக்க வர்றவரு.”

“மார்ச்சுக்குள்ள வேலய முடிக்கலன்னா பணம் திரும்பிப் போயிடும். அப்புறம் எந்த ஜென்மத்துல வரும்? சேர்மன்கிட்ட நான் பேசிட்டேன். வேல முடிஞ்சதும் கேட்டாண்டயே உனக்கு ஒரு எடம். வாயால சொன்னாரு.”

“வாயாலயா?”

“அட, நான் இருக்கேன்யா.”

சிங்காரம் தெருவைப் பார்த்தான். பண்ருட்டி பஸ் ஒன்று முந்திரி மூட்டைகளோடு திணறிக்கொண்டு திரும்பியது. ஸ்டே வாங்கினால் கடை நிற்கும். ஊரில் எந்த முடவனும், எந்தக் கிழவியும் இந்தப் பக்கம் வந்து, சாய்தளம் ஏன் வரவில்லை என்று கேட்டால், சிங்காரம் தடுத்துவிட்டான் என்று சொல்வார்கள். அதைத் தாங்க அவனால் ஆகாது.

“தூக்கிக்கங்க சார்,” என்றான்.

காண்ட்ராக்டர் கலியமூர்த்தியின் ஆட்கள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, பங்க்கை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றினார்கள். தகரத்தின் அடியில் இத்தனை வருஷம் வெயில் படாத மண் கருப்பாக, ஈரமாக இருந்தது. பங்க் நகராட்சியின் தண்ணித்தொட்டி வளாகத்துக்குப் போயிற்று. மிஷின் பைபாஸைத் தாண்டி இருக்கிற அவன் வீட்டுக்குப் போயிற்று.

வீட்டில் யார் வந்து ஜெராக்ஸ் எடுப்பார்கள்? முன்வாசலில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டுப் பார்த்தான். பக்கத்து வீட்டு மாணவன் ஒருவன் கடனுக்கு எடுத்துக்கொண்டு போனான். அதோடு சரி. போதாக்குறைக்குக் காலையில் கரண்ட் போனால் போனதுதான், மத்தியானம் முடிகிற வரைக்கும் வராது. சிங்காரம் மிஷினுக்கு எதிரே உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்து, சைக்கிளை ஓட்டிக்கொண்டு நகராட்சிக்கே வந்துவிடுவான். வேலை நடக்கிற இடத்துக்கு எதிரே வேப்பமர நிழலில் நிறுத்திக்கொண்டு, கொத்தனார் டீ குடிக்கப் போனால் எப்போது வருவார் என்று ரோட்டையே பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை புதுச் சிமெண்டுக்குத் தண்ணி விட ஒருத்தரும் வரவில்லை. வெடித்துவிட்டால் மறுபடி இடிப்பார்கள், மறுபடி நாளாகும். வாட்ச்மேனைக் கெஞ்சி ரப்பர் டியூபை வாங்கி, சைக்கிளில் இருந்தபடியே சாய்தளம் முழுக்க நனைத்தான். தன் கடை நின்ற இடத்தில் தானே தண்ணி விடுகிற கூத்து அவனுக்குச் சிரிப்பாக வந்தது.

சார்லஸைப் பார்க்கிற போதெல்லாம் இடத்தைப் பற்றிக் கேட்டான்.

“ஈசானியத்துப் பக்கம் காம்பவுண்டு ஓரமா ஒரு மூலை குடுத்தாக்கூடப் போதும் சார்.”

“பங்க்கும் பாரம்தானாம்ணே,” என்றார் சார்லஸ். “கேட்டுட்டேன். இன்னொன்னும் சொல்றாங்க. உங்களுக்குக் குடுத்த அனுமதி டெலிபோனுக்கு. இப்ப டெலிபோன் எங்கன்னு கேக்கறாங்க.”

“டெலிபோன நானா சார் ஒழிச்சேன்?”

சார்லஸ் தன் வண்டிப் பக்கம் போனார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டி, சாமியானா போட்டார்கள். எஃகுக் கைப்பிடியில் சாமந்திச் சரம் சுற்றியிருந்தது. முதலில் ஏற ஒரு மாற்றுத்திறனாளி வேண்டும் என்று போட்டோகிராபர் சொல்ல, அன்பரசு சிங்காரத்தைக் கைகாட்டினார். லோகநாயகி தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். ரிப்பன் வெட்டியதும் ஏறினான்.

நல்லபடியாகத்தான் கட்டியிருந்தார்கள். சக்கரம் எங்கேயும் தட்டவில்லை. பாதி ஏறியபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடையையும் மறந்து, நிஜமான சந்தோஷத்தில் கலங்கியது. பின்னால் அறிவுமதி தன் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு, யார் கழுத்தையும் பிடிக்காமல், சேலைத் தலைப்பை ஒரு கையால் இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். ஜனம் கைதட்டியது.

மேலே சேர்மன் அவனுக்குச் சால்வை போட்டுக் கை கொடுத்தார். போட்டோ எடுத்து முடிகிறவரை அந்தக் கையைச் சிங்காரம் விடவில்லை.

“ஐயா, என் கடைக்கு ஒரு எடம் சொன்னீங்க…”

“எந்தக் கடைப்பா?”

“இங்க, இதே எடத்துல இருந்த கடை. ஜெராக்ஸ்.”

“ஓ, அதுவா. மனு எழுதி ஆபீஸ்ல குடு. அதான் நீயே ஏறி வந்து குடுக்கற மாதிரி வழி பண்ணியாச்சே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சேர்மனும் நல்ல மனசோடுதான் சிரித்தார். கேலி செய்கிறார் என்று சொல்லமுடியாது. அன்பரசு எங்கோ கேசரித் தட்டோடு நின்றிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே சிங்காரம் மனுவை எழுதி, நகல் எடுக்கக் கரண்ட் இல்லாததால் ஒரிஜினல்களை மட்டும் சட்டைப் பையில் செருகி, மனுவை மடியில் வைத்து வந்தான். சாய்தளத்தின் அடியில் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். ஒதுக்கச் சொல்லி ஆள் பிடித்து, ஏறி, வராண்டாவைக் கடந்து, வரிசையில் இருந்து கவுண்டருக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. இத்தனை வருஷம் வாசலிலேயே கடை வைத்திருந்தும், யாரும் தூக்காமல் அந்தக் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. உள்ளே மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

கவுண்டரில் ஸ்ரீமதி என்று பேர் குத்தியிருந்த ஒரு பெண் இருந்தார். சிறு வயது, போன மாதம்தான் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். எழுந்து நின்று, கம்பி வழியாகக் கையை நீட்டி மனுவை வாங்கிக்கொண்டார். அனுமதி டெலிபோனுக்கு என்பதால் அதில் டெலிபோன் பூத்துக்கு மாற்று இடம் என்றுதான் எழுதியிருந்தான், ஜெராக்ஸ் என்ற வார்த்தையே இல்லை. முழுக்கப் படித்தார். அப்படிப் படிக்கிற ஆளை அவன் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை. நெஞ்சு லேசாயிற்று.

“சரியா எழுதியிருக்கீங்க. ஒரிஜினல் அடையாள அட்டை வெச்சிருக்கீங்களா?”

“இருக்குதும்மா.” சட்டைப் பையிலிருந்து நீல அட்டையை எடுத்துக் காட்டினான்.

“பழைய அனுமதிக் கடிதம்?”

“அதுவும் இருக்குது.”

“ரெண்டையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக் குடுத்துடுங்க. நானே டேபிளுக்கு அனுப்பிடறேன். ஒரு மணிக்கு கவுண்டர் மூடிடுவாங்க, அதுக்குள்ள வந்துடுங்க.” அவர் குரலில் நிஜமான அக்கறை இருந்தது. “முன்னாடியெல்லாம் வாசல்லயே ஒருத்தரு கடை வெச்சிருந்தாராம். இப்ப எடுத்துட்டாங்களாம். எல்லாரும் பஸ் ஸ்டாண்ட் ரோட்டுக்குத்தான் போறாங்க.”

“அது நான்தாம்மா,” என்றான் சிங்காரம்.

அந்தப் பெண் மனுவைத் திரும்பப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, மூடி, மறுபடி கழற்றினார்.

“மன்னிச்சுக்கங்கண்ணே. ஆனாலும் ஜெராக்ஸ் இல்லாம வாங்க முடியாது.”

வீட்டுக்குப் போய் வந்தால் ஒரு மணி தாண்டிவிடும். போனாலும் அந்நேரம் கரண்ட் இருக்காது. சிங்காரம் சைக்கிளைத் திருப்பினான். சாய்தளத்தில் பெடலைச் சுற்றவே வேண்டியிருக்கவில்லை. பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கி, கேட்டைத் தாண்டி, வெயிலில் பஸ் ஸ்டாண்ட் ரோட்டுக்கு வந்தான்.

அங்கே இருந்த ஒரே ஜெராக்ஸ் கடை சாக்கடைக்கு மேலே உயர்த்திக் கட்டியிருந்தது. ஏற மூன்று கருங்கல் படி. உள்ளே கூட்டம். கடைக்காரர் முதுகைக் காட்டி மிஷினுக்கு முன் குனிந்திருந்தார். மூடியின் இடுக்கில் பச்சை வெளிச்சம் ஓடி ஓடித் திரும்பியது.

“அண்ணே… ரெண்டு ஜெராக்ஸ்!”

சிதம்பரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. யார் யாரோ காகிதங்களோடு அவனைச் சுற்றிக்கொண்டு படியேறினார்கள், இறங்கினார்கள். பின்னால் ஒரு ஆட்டோ, வழியை அடைக்காதே என்று கத்தியது. சிங்காரம் சைக்கிளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, முன்சக்கரத்தை முதல் படியில் முட்டி நிறுத்தினான். அடையாள அட்டையையும் கடிதத்தையும் சேர்த்துப் பிடித்து, உள்ளே இருப்பவர் கண்ணில் படுகிற மாதிரி கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, மறுபடி கூப்பிட்டான்.