படகோடு வந்த இஞ்சின்

ஒன்பது மணி நேரம். அந்தப் புது இஞ்சின் கடலில் ஓடியது மொத்தமே அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து வந்த ஹரிகிருஷ்ணன் இஞ்சினின் மூடியைக் கழற்றி, லேப்டாப்பில் ஒரு ஒயரை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"ஒம்போது அவர்தான் ஓடிக்கீது. இஞ்சின் மேல ஒரு குத்தமும் இல்ல. மண்ணுல மோதி ஷாப்ட்டு வளஞ்சிகீது, அவ்ளோதான்."

கரையில் கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். இஞ்சின் மேல் குற்றமில்லை என்றால் ஆள் மேல் குற்றம். எந்த ஆள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த ஆள் கால் முறிந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான்.

கன்னியம்மா மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் பின்னால் நின்றாள். படுத்திருப்பவன் அவள் தம்பி கலைவாணன். படகும் இஞ்சினும் அவள் புருஷன் செங்கல்வராயனுடையவை. யார் யாரைப் பேசினாலும் அவளுக்கு ஏதோ ஒரு பக்கம் வலித்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே அவர்கள் கரையில் துறைமுகம் கிடையாது. அலையோடு அலையாகத்தான் மணலுக்கு வர வேண்டும். அலை உடையும் இடத்துக்கு வெளியே படகை நிறுத்திக்கொள்வார்கள். முன்பக்கம் இருப்பவன் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்பான். பெரிய அலைகள் வரிசையாகப் போய் முடியும் வரை பொறுத்திருந்து, "உடு!" என்று ஒரு குரல் கொடுப்பான். அந்தக் குரலுக்குப் பிறகு யோசனை கிடையாது. பின்னால் இஞ்சின் பிடிப்பவன் முழு வேகத்தில் விடுவான். தரை தட்டுவதற்கு முன் இஞ்சினை அணைத்து, ஒரே மூச்சில் சாய்த்துத் தண்ணீரை விட்டு மேலே தூக்கிவிடுவான். தூக்காவிட்டால் இஞ்சினின் அடியில் இருக்கும் விசிறி மண்ணில் குத்தும். படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை வந்து அதைப் புரட்டும்.

முந்தின நாள் காலை அவர்கள் படகு புரண்டது. முன்னால் நின்றிருந்த கலைவாணன் படகுக்கும் மணலுக்கும் நடுவில் விழுந்தான்.

புரண்ட படகைப் பார்த்தால் யாருக்கும் முதலில் அலைதான் நினைவுக்கு வரும். கொரல் குடுத்தவன் தப்பாகக் குடுத்துவிட்டான் என்று குப்பம் முடிவு செய்தது. மயக்கம் தெளிந்ததும் கலைவாணனும் அதையேதான் நம்பினான்.

மறுநாள் மீன் விற்கும் இடத்தில் செங்கம்மாள் கூறு பிரித்துக்கொண்டே கேட்டாள். "ஏன் கன்னிம்மா, உன் தம்பி செல்போன நோண்டிகினே கொரல் குடுத்தானாமே?"

"நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? ஊரே பேசிகினு கீது."

"ஊருக்கு வேல இல்ல. உனக்கு அதுக்கு மேல இல்ல."

செங்கம்மாள் சிரித்தாள். கன்னியம்மாவிடம் வேறொரு பதிலும் இருந்தது. அதைச் சொன்னால் ஊர் வாய் அந்த நிமிடமே மூடிவிடும். அவள் வஞ்சிரத்தின் மேல் ஐஸைத் தள்ளினாள்.

போன கார்த்திகைப் புயலில், கரையில் கிடந்த படகுகளை மேட்டுக்கு இழுக்கும்போது செங்கல்வராயனின் வலது தோள் பிசகியது. சுளுக்கு என்றான். எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். சுளுக்கு போகவில்லை. கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. சட்டை போட அவள்தான் கையைப் பிடித்து நுழைத்துவிடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் இந்த வேலை வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கலைவாணனுக்கும் தெரியாது.

தெரியக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. இஞ்சினைத் தூக்க முடியாதவன் படகின் பின்னால் உட்கார முடியாது. எந்தப் பக்கம் போவது, எங்கே வலை விடுவது, எப்போது திரும்புவது எல்லாம் பின்னால் இருப்பவன் சொல்வதுதான். அவன் முன்னால் வந்துவிட்டால் படகு அவன் பேரில் இருக்கலாம். அவன் சொல்லுக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்தப் புயல் அவனுடைய பழைய படகை இரண்டாகப் பிளந்துவிட்டது. இஞ்சின் மட்டும் வீட்டில் இருந்ததால் தப்பியது. கடலிலிருந்து வந்ததும் இஞ்சினைக் கழற்றித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். அவனுடையது சின்ன இஞ்சின்; ஒரு ஆள் தூக்குகிற கனம். நல்ல கை ஒன்று இருந்தாலே சாய்த்துத் தூக்கிவிடலாம். ஆகவே செங்கல்வராயனுக்கு வேண்டியிருந்தது ஒரு வெறும் படகு. கன்னியம்மாவையும் கூட்டிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஏசுபாதத்தின் படகுப் பட்டறைக்குப் போனான்.

பட்டறைக்கு முன்னால் கண்ணாடிக் கதவு வைத்த ஷோரூம் முளைத்திருந்தது. ஏசுபாதத்தின் பெயர்ப் பலகை அப்படியே இருந்தது. ஏசுபாதம்தான் கம்பெனி தொப்பி போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். போன வருஷமே ஒரு இஞ்சின் கம்பெனி பட்டறையைப் பெயரோடு வாங்கிவிட்டிருந்தது.

"நான் இப்ப மாசச் சம்பளக்காரன்பா" என்றார் ஏசுபாதம். "இஞ்சின் மாட்டற பின்பலகைய ஒரு இஞ்சு கொறச்சி அறுக்கணும்னாலும் மெயில் போட்டுக் கேக்கணும். உள்ள போயி அந்தத் தம்பிகிட்ட பேசு."

உள்ளே இருந்த தம்பிதான் ஹரிகிருஷ்ணன்.

"போட்டு தனியா இல்ல அண்ணாத்த. போட்டும் இஞ்சினும் ஒண்ணா வரும். ஒரே பேக்கேஜு."

"என்கிட்டதான் இஞ்சின் கீதே. எண்ணெயும் கம்மியாதான் குடிக்கும்."

"அது இந்தப் பலகைல உக்காராது. பலகை தடிப்பு ஜாஸ்தி, உன் இஞ்சின் கவ்வி அவ்ளோ விரியாது. நீயா அறுத்து உக்கார வெச்சா வாரண்டி போயிடும்."

"சரி, உங்க கம்பெனிலயே சின்னதா ஒண்ணு மாட்டிக் குடு."

"இந்தப் போட்டுக்கு இந்த இஞ்சின்தான். கம்பெனி அப்டிதான் போட்டுக்கீது."

"நாங்க ரெண்டே பேருப்பா. ரெண்டு பேருக்கு இவ்ளோ பெருசு எதுக்கு?"

ஹரிகிருஷ்ணன் சிரித்தான். "இன்னா அண்ணாத்த, வர்றவன்லாம் பெருசு குடு, பெருசு குடுன்னு உசுர எடுக்கறான். நீ இன்னான்னா இஞ்சினப் பாத்து பயந்துகினு கீற?"

படகு பார்க்க வந்திருந்த நெம்மேலிப் பையன்கள் இரண்டு பேர் சத்தமாகச் சிரித்தார்கள். செங்கல்வராயனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். பிறகு, "நீலக் கலர் கீதா?" என்று கேட்டான்.

நீலம் இருந்தது. அவன் தேர்ந்தெடுக்க அது ஒன்றுதான் இருந்தது.

பணம் கட்டுவதற்கு முன் புதுப்பட்டினத்தில் இருந்த இன்னொரு பட்டறைக்கும் போய்ப் பார்த்தார்கள். அதை வேறொரு இஞ்சின் கம்பெனி வாங்கியிருந்தது. அங்கே படகோடு தருவது இதைவிடக் கனமான இஞ்சின்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கன்னியம்மா மெதுவாகச் சொன்னாள். "கையப் பத்திச் சொல்லிக் கேட்டிருக்கலாம்ல?"

"யார்கிட்ட? அந்தப் பசங்க முன்னாடியா?"

"கலைகிட்டயாவது சொல்லு. அவன் பின்னால உக்காரட்டும். நீ முன்னால நின்னு கொரல் குடு."

"பொத்திகினு வர்றியா கொஞ்சம்?"

அவள் பொத்திக்கொண்டு வந்தாள். படகு கரைக்கு வந்த அன்று சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கடலில் இறக்கினார்கள். புது இஞ்சினைக் கரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. கலைவாணன் முன்னால் பிடிப்பான். பின்னால் வருகிற மாமன் ஒரு கையாலும் இடுப்பாலும் சமாளிப்பதை அவன் பார்க்கவில்லை. முதல் சில நாள் கடல் குளம்போல் கிடந்தது. தரை தட்டும் முன் நிதானமாகத் தூக்க நேரம் கிடைத்தது. அப்புறம் காற்று மாறியது.

விபத்து நடந்த அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து செங்கல்வராயன் அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். சொல்லி முடித்து, "அவன்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத" என்றான். அவள் சரி என்றாள்.

அதன் பிறகு தினமும் காலையில் நாஸ்தா வாங்கிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் மச்சானைப் பார்க்கப் போனான்.

"சொன்னியா?" என்பாள் அவன் திரும்பி வந்ததும்.

"தூங்கிகினு இருந்தான்."

மறுநாள், "சொன்னியா?"

"டாக்டரு வந்துட்டாரு."

அதற்கு மறுநாள் அவள் கேட்கவில்லை. அவனும் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போனார்கள். கலைவாணன் காலில் தகடு வைத்துக் கட்டியிருந்தார்கள். முகத்தை மழித்து, தலை வாரியிருந்தான். பார்க்க யாரோ போல இருந்தான்.

"மாமா, பிரவின் வந்திருந்தான்" என்றான். பிரவின்குமார் அவனோடு படித்தவன். "கேளம்பாக்கத்துல பெரிய பெரிய வூடா கட்டிக்கீறாங்களே, அங்க கேட்டுல வேல இருக்குதாம். கால் ஊனினதும் போறேன்."

"கேட்டுல இன்னாடா வேல?" என்றாள் கன்னியம்மா.

"தொறக்கறது, மூடறது. அதுக்கு அலை பாக்கத் தேவல."

செங்கல்வராயன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பேசற? பதினஞ்சு வயசுலேர்ந்து முன்னால நிக்கறவன் நீ" என்றாள் கன்னியம்மா.

"அதான்கா பேஜாரு. மூணு பெருசு போச்சு. அடுத்தது சின்னது. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சதே தப்புன்னா, அப்புறம் நான் எத்த நம்பிக் கொரல் குடுக்கறது? என் கால் போச்சு, பரவால்ல. மாமா பின்னால இருந்தாரு. அவருக்கு எதனா ஆயிருந்தா உன் மூஞ்சில நான் முழிச்சிருப்பனா?" அவன் மாமனைப் பார்த்தான். "மாமா, அடுத்த வாட்டிக்கு கார்த்தியக் கூட்டிக்கினு போ. சின்னப் பையன்தான், ஆனா கண்ணு நல்ல கண்ணு."

"பாக்கலாம்" என்றான் செங்கல்வராயன்.

அப்போது ஹரிகிருஷ்ணன் ஆப்பிள் பையோடு வந்தான். கெட்டவன் இல்லை. வேலை முடிந்து அத்தனை தூரம் பைக்கில் வந்திருந்தான். கலைவாணனிடம் நலம் விசாரித்துவிட்டு, "அடுத்த வாரம் ஷாப்ட்டு வந்துடும் அண்ணாத்த. மாட்டிட்டு தொழிலுக்குப் போலாம்" என்றான்.

"தம்பி, அந்த இஞ்சின எடுத்துக்கினு சின்னது குடுக்க மாட்டீங்களா?" என்று கன்னியம்மா கேட்டாள். அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

"அது கம்பெனி ரூல்ஸ்கா. இருந்தாலும் மேல கேட்டுப் பாக்கலாம். ஆனா காரணம் கேப்பாங்க. இஞ்சினால போட்டு பொரண்டுதுன்னா அது ஒரு பேச்சு. அலை பாத்தவன் தப்புன்னா..." அவன் கட்டிலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"என் தப்புதான் சார்" என்றான் கலைவாணன். "சும்மா சொல்லுங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தகடு வைத்த கால் திரும்ப முடியாமல் அப்படியே கிடந்தது. அவன் தோள் குலுங்கியது.

கன்னியம்மா புருஷனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். வலது கை மடியில் கிடந்தது. அவன் கண் வேண்டாம் என்றது. இத்தனை வருஷத்தில் அந்தக் கண் அவளிடம் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

அவள் ஒரு நிமிஷம் பொறுத்தாள். அவனே சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள். அவன் இட்லிப் பொட்டலத்தை மறுபடி மடித்தான். அடுத்த வாரம் ஷாப்ட்டு வந்துவிடும். கார்த்தி முன்னால் நிற்பான். அவனும் நல்ல அலை பார்த்துத்தான் கொரல் கொடுப்பான். கார்த்திக்கும் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறாள்.

"கலை" என்றாள். "இங்க திரும்பு."

அவன் திரும்பவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செங்கல்வராயன் எழுந்து நின்றான்.

"நீ சொன்னது சரியான அலைடா. மாமாவாலதான் இஞ்சினத் தூக்க முடியல. பொயலு அடிச்ச நாள்லேர்ந்து அவருக்கு வலது கை எழும்பறதில்ல."