மூன்று விநாடி பிந்திய சிரிப்பு

நாடகத்தைச் சைகை மொழியில் சொல்லுகிறவளை எங்கே நிறுத்துவது என்று ஒரு இயக்குநருக்கும் தெரியாது. மேடையின் இடது ஓரத்தில், திரைச்சீலையைச் சுருட்டிக் கட்டியிருக்கும் மூலைதான் எனக்கு எப்போதும் வாய்க்கும். கைகள் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று நான் கறுப்புச் சுடிதார் போட்டுக்கொண்டு போவேன். அந்த மூலையில் விளக்கு இருக்காது. இருட்டில் கறுப்புத் துணிக்கு நடுவே இரண்டு கை மட்டும் ஆடினால் பார்க்கிறவர்கள் பேய் என்றுதான் நினைப்பார்கள். இந்த நாடகத்தின் இயக்குநர் ராகவனிடம் ஒரு வாரம் மல்லுக்கட்டித்தான் எனக்கென்று ஒரு விளக்கு வாங்கினேன்.

ராகவன் பட்டாபிராமில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்தவர். ஐந்து நாள் கம்ப்யூட்டர், இரண்டு நாள் நாடகம். தன் ஃபிளாட்டில் நடக்கும் கூத்தையே நாடகமாக எழுதிவிட்டார். தண்ணீர் தொட்டி நிரம்பி வழிகிறது, சங்கச் செயலாளர் கத்துகிறார், வாட்ச்மேன் முழிக்கிறார். அந்த வாட்ச்மேன்தான் வேம்புலி அண்ணன். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இறங்கினதும் ஆட்டோ சாவியைக் காதில் மாட்டிக்கொள்வார். மேடையில் ஏறும்போது யாராவது ஞாபகப்படுத்தினால்தான் கழற்றுவார். அவர் வந்து நின்றாலே ஜனம் சிரிக்க ஆரம்பித்துவிடும்.

அப்பாவை முதல்முறை நான்தான் கூட்டிப்போனேன், ஆவடியில் நடந்த காட்சிக்கு. அப்பா கஜபதிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரோடு அவருடைய கூட்டாளிகள் பதினோரு பேர். எல்லோரும் என் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. வசனம் முழுதாக முடிந்தால்தான் அதைக் கையால் சொல்ல முடியும். அதற்குள் மூன்று விநாடி ஓடிவிடும். அழுகைக் காட்சியில் இது தெரியாது. சிரிப்பில்தான் குட்டு உடையும். தொட்டி வழிகிற காட்சியில் செயலாளர், "மோட்டாரை ஆஃப் பண்ணியா இல்லியா?" என்று கேட்பார். வேம்புலி அண்ணன், "பண்ணேன் சார், நல்லா ஞாபகம் கீது. கனவுல பண்ணேனா, நெசமா பண்ணேனான்னுதான் தெரில" என்பார். அரங்கம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கி, செயலாளரின் மனைவி தன் நனைந்த பட்டுப் புடவையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் என் கை அந்தக் கனவை முடித்தது. எங்கள் அப்பா சிரித்தார்.

அப்பாவின் சிரிப்பு அவருக்குக் கேட்காது. அதனால் அது பெரிதாக இருக்கும். நாலு வரிசைக்காரர்கள் திரும்பி, அழுகிற இடத்தில் சிரிக்கிறானே என்று அவரை முறைத்தார்கள். அப்பா உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கடைசிவரை கையை எடுக்கவில்லை. மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நான் மீதி நாடகத்தைச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, "இனிமே என்னைக் கூப்பிடாதே" என்று கையால் சொன்னார்.

"ஏன்?"

"எல்லாரும் சுடச்சுடத் தின்னுறாங்க. எனக்கு மட்டும் எப்பவும் ஆறின சோறு."

சின்ன வயதில், கள்ளிக்குப்பம் வீட்டில் அந்த ஆறின சோற்றையும் நான் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் அம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்பா என் பாவாடையை இழுத்து, "என்ன, என்ன?" என்பார். நான் சுட்டுவிரலை முன்னால் உருட்டி, "அப்புறம் சொல்றேன்" என்பேன். ஒரு நாள்கூட அப்புறம் சொன்னதில்லை. இன்று ஊருக்கெல்லாம் கை வலிக்கச் சொல்கிறேன். அப்பா ஒரே ஒரு முறை, எல்லோரும் சிரிக்கும்போதே சிரிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அடுத்த காட்சி இரண்டு வாரம் கழித்து, சென்னீர்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஒத்திகையில் வேம்புலி அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, அந்தக் கனவு ஜோக் சொன்னப்புறம் ஒரு மூணு செகண்டு நில்லுங்க. எங்காளுங்க சிரிச்சு முடிக்கட்டும்."

"மூணு செகண்டா? இன்னாம்மா சாமுண்டீஸ்வரி, வெளையாடுறியா? ஜோக்கை சொல்ட்டு சொம்மா நின்னா, டயலாக் மறந்துட்டான்னு நெனச்சிக்குவாங்கோ. பஸ்ஸை ஸ்டாப்புக்கு அந்தாண்ட நிறுத்தினா எவன் ஏறுவான்?"

"அப்ப எங்க அப்பா எப்பதான் சிரிக்கிறது?"

"சிரிக்கட்டுமே, யாரு வாணான்னது?"

"சிரிச்சாரு. எல்லாரும் திரும்பி மொறைச்சாங்க. வாயைப் பொத்திக்கினாரு. மேலேர்ந்து நீங்க பாக்கலியா?"

வேம்புலி அண்ணன் காதிலிருந்து சாவியைக் கழற்றினார்.

"பாத்தேன்" என்றார். "உன் நைனாவா அவுரு?"

அவ்வளவுதான். நிற்கிறேன் என்றும் சொல்லவில்லை, நிற்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்க ஜோக்கை நீங்களே வெச்சிக்கினு சிரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ராகவன் நடுவில் வந்து, "ரெண்டு பேரும் சீனியர்ஸ்..." என்று ஆரம்பித்தார். அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் அப்பா சாயங்காலம் ஐந்து மணிக்கு டீ குடிக்கப் போகிறேன் என்று கிளம்பி, ஏழு மணிக்குத் திரும்ப ஆரம்பித்தார். ஒரு டீக்கு இரண்டு மணி நேரமா என்று அம்மா கேட்டாள். அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துவிட்டார். பார்க்காவிட்டால் அவருக்குக் கேள்வியே இல்லை. அது அவருக்குப் பெரிய வசதி.

காட்சி நாளன்று காலையில் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கே?"

"நாடகத்துக்கு."

"வரமாட்டேன்னீங்களே?"

அப்பா காது மடலைத் தொட்டார். அங்கேயே விரலால் ஒரு சாவியைத் திருகினார். "கூப்பிட்டாரு" என்றார்.

காது கேளாதவர்கள் மத்தியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. நாமாக வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள்தான் வைக்க வேண்டும். ஆளைக் கூட இருந்து பார்த்து, அவரிடம் எது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதை வைத்துப் பெயர் வைப்பார்கள். ராகவனுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. காதில் சாவி என்றால் யாரென்று எனக்குப் புரிந்தது. எப்போது பழகினார்கள் என்றுதான் புரியவில்லை. கேட்டேன். அப்பா காலரைத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

நாலு மணிக்கு நாடகம் ஆரம்பித்தது. அப்பாவின் கூட்டாளிகள் இடது பக்கம், எனக்கு நேர் எதிரே இரண்டு வரிசை. அப்பா முதல் வரிசையில் ஓர நாற்காலி. அவருக்குப் பக்கத்தில் மண்டப மேனேஜர் இருதயராஜ். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. முதல் காட்சியிலிருந்தே தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் குலுங்கும்போதெல்லாம் அப்பாவின் நாற்காலியும் குலுங்கியது. அப்பா என் கையைப் பார்த்து, மூன்று விநாடி தாண்டி, சத்தமில்லாமல் சிரித்தார். உள்ளங்கை வாய்க்குப் பக்கத்திலேயே தயாராக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கனவுக் காட்சி வந்தது. "மோட்டாரை ஆஃப் பண்ணியா இல்லியா?" என்று செயலாளர் கத்தினார்.

வேம்புலி அண்ணன், "பண்ணேன் சார்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

வசனத்தை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். திரைக்குப் பின்னால் ராகவன் தலையில் கை வைத்துக்கொண்டதும் தெரிந்தது. 'பண்ணேன்' என்பதையாவது சொல்லுவோம் என்று கையைத் தூக்கினேன். எதிரே ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு வரிசையும் வேம்புலி அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் செயலாளரின் முதுகுக்குப் பின்னால், இடுப்பளவில், எங்கள் பக்கமாகக் கையை வைத்திருந்தார். அந்தத் தடித்த விரல்கள் பேசின.

படுத்தேன். கனவு வந்தது. தொட்டி நிரம்பியது. கனவிலேயே எழுந்தேன். கனவிலேயே மோட்டாரை அணைத்தேன். கனவிலேயே திரும்பப் படுத்தேன்.

'கனவு' என்பதைக் கொஞ்சம் தப்பாகத்தான் போட்டார். ஆனால் கடைசியில் சுவிட்சை அணைத்துவிட்டுக் கட்டைவிரலை மடித்து உதறினாரே, அது லேத்தை நிறுத்திவிட்டு எங்கள் அப்பா உதறும் உதறல். இத்தனை நாள் அந்த டீ யாரோடு உட்கார்ந்து ஆறிக்கொண்டிருந்தது என்று அப்போது தெரிந்தது.

இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் சிரித்தது. அப்பா அண்ணாந்து, வாய் முழுக்கத் திறந்து, தொண்டையிலிருந்து சிரித்தார். கை வாய்ப் பக்கம் போகவே இல்லை. மண்டபத்தில் மற்ற ஒருவரும் சிரிக்கவில்லை. "இன்னா சொன்னான்? இன்னாத்துக்கு சிரிக்கிறாங்கோ?" என்று முன்னூறு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் வேம்புலி அண்ணன் அடுத்த வசனத்தைத் தொடவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று தாண்டியும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

இருதயராஜுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா சார், இன்னா? எனுக்கும் சொல்லேன்."

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் சட்டையை இழுத்துக் கேட்கும் அந்த முகத்தை அவருக்குத் தெரியாதா? அறுபது வருடமாக அது அவருடைய முகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் சிரித்துக்கொண்டே, சுட்டுவிரலை முன்னால் உருட்டினார்.

இருதயராஜ் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். கையால் சொன்னதை வாயால் சொல்வதும் என் வேலைதான். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும்.

"அப்புறம் சொல்றாராம்" என்றேன்.