பிரிக்காத பெட்டியில் ஒரு டீசல் இன்ஜின்

என் கணவர் பல் டாக்டர். ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல் அவருக்கு அத்துப்படி. வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது. பல்லைக் குடைகிற அதே மெஷினால்தான் பொம்மை ரயிலுக்கு ஜன்னலும் குடைவார். பொம்மை என்று நான் எழுதியதைப் பார்த்தால் கோபித்துக்கொள்வார். அது 'மாடல்'. குழந்தைகள் விளையாடினால் பொம்மை, குழந்தைகளைத் தொடவிடாமல் விரட்டினால் மாடல். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த முறை அவர் செய்தது ஒரு டீசல் இன்ஜின். ஒரு சாண் நீளம். கைப்பிடிக் கம்பி, புகைபோக்கி, டிரைவர் அறைக் கதவின் தாழ்ப்பாள் வரைக்கும் எல்லாம் கையால் செய்தது. ஒரு மழைக்காலம் தொடங்கி அடுத்த மழைக்காலம் வரை எங்கள் சாப்பாட்டு மேஜை எங்களுடையதாக இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டோம்.

அழகுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கூடு மட்டும் ஓடுமா? கீழே சேஸிஸ் வேண்டும். மோட்டார், பல்சக்கரம், சக்கரம் எல்லாம் பூட்டிய அடிச்சட்டம். அதை யாரும் வீட்டில் செய்வதில்லையாம். கடையில் விற்கிற வேறு ஏதாவது ஒரு இன்ஜினை வாங்கி, மேல்கூட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, அடிச்சட்டத்தை மட்டும் உருவிக்கொள்வார்கள். அப்படிப் பலியாகும் வண்டிக்கு இவர்களுடைய மாடல் ரயில் சங்கத்தில் 'தான வண்டி' என்று பெயர். கொடுக்கிறவரிடம் சம்மதம் கேட்காத தானம் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

தான வண்டி தேடிய கதையும் பெண் பார்க்கிற கதைதான். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்று அளவெல்லாம் சரி, ஆனால் மோட்டார் தலையைத் தூக்கிக்கொண்டு டிரைவர் அறைக்குள் எட்டிப் பார்த்தது. இன்னொன்றில் சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அதிகம்.

"அரை மில்லிமீட்டர்தானே, விடுங்களேன்" என்றேன்.

"ஒரு பல்லு அரை மில்லிமீட்டர் தூக்கி நின்னா உன்னால வாயை மூட முடியுமா?"

"இப்ப மட்டும் மூடிக்கிட்டா இருக்கேன்?"

அவர் விடமாட்டார், ஏனென்றால் சங்கம் விடாது. சங்கத்து ஆட்கள் எல்லோரும் பெரிய படிப்பு, பெரிய பதவி. வருஷா வருஷம் சங்கம் நடத்துகிற கண்காட்சி அன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு அளவுகோல் இருக்கும், அடுத்தவர் வண்டியை அளப்பதற்கு. என் கணவர் இதற்கு முன் செய்த இன்ஜின்கள் எல்லாம் அளவில் தேறின. ஆனால் பொருத்தமான சேஸிஸ் கிடைக்காமல் மரக்கட்டைமேல் உட்கார்ந்தபடியே காலம் தள்ளின. வண்டி கிளம்பாத ஆளுக்கு 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். டீ குடிக்கிற இடத்தில் என்னையும் ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு அழுகையே வந்திருக்கும். "இந்த வருஷம் என் வண்டி ஓடும். ஓடலைன்னா சங்கத்தை விட்டே போயிடுறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு தேடல் கிளினிக்குக்குள்ளும் புகுந்தது. நோயாளி வாயைப் பிளந்தபடி கிடப்பார். இவர் ஃபோனில், யாரோ விற்கிற பழைய இன்ஜினின் அடிவயிற்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் கச்சிதமாக ஒத்துவருகிற ஒரு மாடலைக் கண்டுபிடித்தார். அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. விற்பனைக்கும் எங்கும் இல்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் அது இரண்டு இருந்தது. அந்த ஒருவர் என் அண்ணன்.

அண்ணன் ஓய்வு பெற்ற ஆடிட்டர். தனிக்கட்டை. ஊரார் கணக்கையெல்லாம் பிரித்து மேய்ந்தவர், தன் ரயில் பெட்டிகளில் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. ஓர் அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி, அலமாரி முழுக்க அட்டைப் பெட்டி, ஒவ்வொரு பெட்டிமேலும் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை அப்படியே. பெட்டியின் முன்பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாக இன்ஜினின் மேல்கூடு மட்டும் தெரியும். பிரித்தால் மதிப்பு போய்விடுமாம். தண்டவாளம் ஒரு துண்டுகூட அந்த வீட்டில் கிடையாது. தானும் தின்னாது, பிறரையும் தின்னவிடாது, நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்கள். கூடப் பிறந்தவரை அப்படிச் சொல்லக்கூடாது, அதனால் சொல்லவில்லை.

என் கணவர் போய்க் கேட்டார். அண்ணன் முகத்தைப் பார்த்தால், கிட்னியைக் கேட்டுவிட்டாரோ என்று தோன்றும்.

"மாப்பிள்ளை, அது வண்டி இல்ல. அது என் வாழ்க்கை."

"மச்சான், உங்ககிட்ட அதே வண்டி ரெண்டு இருக்கே."

"ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம். எப்படி அதேன்னு சொல்றீங்க?"

கல்லில் நார் உரிக்கிற வேலை என்று தெரிந்துதான் அடுத்த தடவை நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அண்ணனுக்கு எங்கள் வீட்டில்தான். "இனிமே மேஜை காலியாகுற வரைக்கும் வீட்டுல சமையல் கிடையாது. மேஜை காலியாகணும்னா வண்டி ஓடணும்" என்றேன். அண்ணன் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அலமாரியைப் பார்த்தார். எனக்கும் அலமாரிக்கும் நடுவே நான் ஜெயிப்பேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. கடைசியில் எழுந்து பச்சைப் பெட்டியை எடுத்து வந்தார்.

உறையில் பிளேடு வைக்கும்போது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருப்பதைப் போலப் பொறுமையாக உறையை உரித்தார். மூடியைத் திறந்து மேல்கூட்டைத் தூக்கினார். கூடு மட்டும் கையோடு வந்தது. கீழே பஞ்சு. பஞ்சுக்குள் தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டுகள்.

மோட்டார் இல்லை. சக்கரம் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் வண்டி. தூக்கிப் பார்க்கிறவனுக்காகக் கனம்.

"இதை யாருகிட்ட வாங்கினீங்க, மச்சான்?"

அண்ணன் ஒரு பழைய பொருள் வியாபாரியைச் சொன்னார். "எல்லாமே அவன்கிட்டதான். ரொம்ப நாணயமான ஆளு. 'பிரிச்சிடாதீங்க சார், மதிப்பு போயிடும்'னு ஒவ்வொரு தடவையும் அவனே சொல்லுவான்."

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. சேஸிஸைத் தனியாக உருவி விற்றால் வாங்க யார் இருக்கிறார்கள்? தான வண்டி தேடி அலைகிற இவரைப் போன்ற ஆட்கள்தான். மிச்சமான கூட்டை வாங்க யார் இருக்கிறார்கள்? பெட்டியைப் பிரிக்காத என் அண்ணனைப் போன்ற ஆட்கள்தான். அந்த வியாபாரி என் குடும்பத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பிழைத்திருக்கிறான்.

அண்ணன் மெதுவாகத் திரும்பி அலமாரியைப் பார்த்தார். வரிசை வரிசையாகப் பெட்டிகள். நீலப் பெட்டி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. என் கணவரின் கண் அதன்மேல் போனதை நான் பார்த்தேன். கண்காட்சிக்கு அதிக நாள் இல்லை. அவருக்கு வேண்டிய சேஸிஸ் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

"அதையும் பிரிச்சுப் பார்த்துடலாமா, மாப்பிள்ளை?" என்றார் அண்ணன்.

"வேணாம் மச்சான். பிரிக்காதீங்க."

"உங்களுக்கு வண்டி ஓடணுமே?"

"அது கிடக்குது. அதுல எல்லாம் சரியாத்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும்."

வீட்டுக்கு வரும் வழியில், "சரியா இருக்கும்னா பிரிச்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"இருந்தா எனக்கு ஒரு சேஸிஸ் கிடைக்கும். இல்லைன்னா அவருக்கு என்ன மிச்சம்?"

எத்தனையோ வருஷமாக இந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். அன்று திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

கண்காட்சி அன்று டீசல் இன்ஜினைத் துடைத்து, மரக்கட்டைமேல் உட்காரவைத்தார். சங்கத்து ஆட்கள் வந்து அளந்து பார்த்தார்கள், அளவு சரி என்றார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். விலகல் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது எனக்குத் தெரியும். செயலாளரைத் தேடி அவர் எழுந்தபோது அண்ணன் உள்ளே வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து நீல இன்ஜினை எடுத்தார். உறை இல்லை, பெட்டியும் இல்லை. கவிழ்த்துக் காட்டினார். மோட்டார் இருந்தது, சக்கரங்கள் இருந்தன.

"பிரிக்காதீங்கன்னு சொன்னேனே, மச்சான்."

"இதுல என்ன இருக்கோன்னு நினைச்சுக்கிட்டே எப்படி அந்த ரூம்ல உட்கார்றது? நேத்து எல்லாத்தையும் பிரிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ரெண்டே ரெண்டுலதான் வண்டி இருந்துச்சு. இன்னொண்ணு நீராவி இன்ஜின். அது உங்களுக்கு ஆகாது."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் என் கணவர் நீலக் கூட்டைக் கழற்றி, அதைத் தன் கைக்குட்டையில் சுற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, சேஸிஸைத் தன் கூட்டுக்குள் பொருத்திக்கொண்டிருந்தார். 'டக்' என்று உட்கார்ந்தது. தண்டவாளத்தில் வைத்தார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

வேகத்தைக் கூட்டுகிற பெட்டியை அவர் என் அண்ணன் கையில் கொடுத்தார். "நீங்க ஓட்டுங்க, மச்சான்."

அறை நிறைய ரயில் வைத்திருந்த என் அண்ணன் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதைத் திருகணும்?"

காட்டிக் கொடுத்ததும் ஒரே திருகாகத் திருகிவிட்டார். இன்ஜின் பாய்ந்து, முதல் வளைவிலேயே தடம் புரண்டு குப்புற விழுந்தது. டிரைவர் அறைக் கதவு தனியாகக் கழன்று தெறித்தது. அரை மில்லிமீட்டருக்கு ஆறு மாதம் சண்டை போடுகிற என் கணவர் கதவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வண்டியைத் தூக்கி மறுபடி தண்டவாளத்தில் வைத்தார்.

"மெதுவா, மச்சான்" என்றார். "இன்னொரு தடவை."