பங்கு சொல்லாத கில்பட்

தகர ரின்னில் மீன் அடைத்து விற்கும் ரின்மீன் கொம்பனியை அரசாங்கம் காப்பாற்றிய மாதத்திலிருந்து அதன் பணிப்பாளர் கில்பட்டின் கால் அவருடைய ஊரான எத்தாளையின் மணலில் படவில்லை. அலுவலகத்துச் சீமெந்துத் தரையிலும் தார் ரோட்டிலும் எல்லாரையும் போல நடந்தார். மணலுக்கு வந்தால் ஒரு சாண் உயரத்தில் நின்றார். நாட்டில் சண்டை முடிந்து கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரர்கள் மட்டும் அவரை மறித்து, பட்டம் இல்லாமல் இதை எங்கே பழகினீர்கள் என்று விசாரித்தார்கள். ஊரார் விசாரிக்கவில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியும்.

எத்தாளையில் கரைவலை இழுத்து மீன் விற்றதும், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மணலில் நின்று பங்கு சொல்ல வேண்டும். கயிறு பிடித்த எல்லார் முன்னாலும், முதலில் தன் பங்கை, உரத்த குரலில். கொம்பனி முறிந்து விழுந்து, திறைசேரி வரிக்காசை அள்ளிக் கொடுத்து அதை நிமிர்த்தியபோது, சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டிய எத்தாளையார் தாங்களும் கயிறு பிடித்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து, போட்ட நல்ல உடுப்போடேயே கடற்கரைக்கு வந்து, கில்பட் பங்கு சொல்வார் என்று காத்து நின்றார்கள். படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கில்பட்டும் வந்தார். அதே மணலில் கயிறு இழுத்து வளர்ந்தவர், நல்ல மனிதர். ஆனால் சம்பளத்தை வெளியில் சொன்னால் வேலை போய்விடும் என்று கொழும்பிலிருந்த மற்றப் பணிப்பாளர்கள் அவரிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். வாயைத் திறந்தார், மூடினார், இந்த முறை சூடை மீன் நன்றாகப் படுகிறது என்றார். அப்போதுதான் கால் கிளம்பியது.

சம்பளம் வர வர உயரமும் கூடியது. மனைவி யூஜினி அவருடைய காற்சட்டை விளிம்பில் வலைக்குப் போடும் ஈயக்குண்டுகளை வைத்துத் தைத்தாள். கிணற்றடிக்குப் போனால் முருங்கை மரத்தில் கயிறு கட்டிவிட்டுத்தான் குளிக்க விட்டாள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கியதும் கயிறு தாங்கவில்லை. ஒரு பின்னேரம் அது அறுந்து, கில்பட் வீடுகளுக்கு மேலாகக் கடலேரிக் களப்புப் பக்கம் போய்விட்டார். வழியில் ஒரு தென்னை ஓலையைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். சம்மாட்டி பஸ்தியான், அவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, மரமேறி இறக்கி வந்தார். யூஜினி அன்று அழுதுகொண்டே கத்தினாள்.

"வேலை போனாப் போகட்டும். நீங்க போயிட்டா நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

அடுத்த ஞாயிறு கில்பட் கடற்கரைக்குப் போனார். போனார் என்பதைவிட, பஸ்தியான் கயிற்றில் பிடித்துக் கூட்டிப் போனார் என்று சொல்வதுதான் சரி. ஊரின் தலைக்கு மேலே நின்று, மாதம் ஒன்பது இலட்சம் என்று உரக்கச் சொன்னார். விறுவிறென்று இறங்கி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டார்.

"மச்சான், இன்னும் இருக்குப் போல" என்றார் பஸ்தியான்.

கொம்பனி தந்த காரையும் கொழும்பு வீட்டு வாடகையையும் சொன்னார். ஒரு சாண் மிச்சம் இருந்தது. கில்பட் யூஜினியைப் பார்த்தார். பிறகு, கொம்பனி முறிந்த அதே வருஷம் பணிப்பாளர்கள் ஆளுக்கு நாற்பது இலட்சம் போனஸ் எடுத்ததைச் சொன்னார். தன் வீட்டு மேல்மாடி அந்தக் காசில் கட்டியது என்றும், அம்மாவின் தென்னங்காணி விற்ற காசு என்று யூஜினிக்குச் சொன்னது பொய் என்றும் சொன்னார். கால் மணலில் கணுக்கால்வரை புதைந்தது.

"அந்த வருசம் எங்களுக்கு அரைச் சம்பளம் தந்தனீங்க மகன்" என்றாள் ரின்னில் மீன் அடைக்கும் பாக்கியம்மா. அதோடு விடவில்லை, நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டாள். கேட்டு முடித்து, மணலில் நடக்க மறந்து தடுமாறியவரைக் கையைப் பிடித்துக் கரையேற்றிவிட்டதும் அவள்தான்.

வேலை போய்விட்டது. யூஜினி மேல்மாடிக்கு ஏறுவதை விட்டாள்; அதைப் பட்டக்கார வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுத்து, மீன் அடைத்த பெண்களின் மீதி அரைச் சம்பளம் தீரும்வரை அந்த வாடகையைப் பாக்கியம்மாவிடமே கொடுத்தாள். கில்பட் பஸ்தியானின் வலையில் மறுபடியும் கயிறு பிடிக்கிறார். மற்றப் பணிப்பாளர்கள் இன்னும் பங்கு சொல்லவில்லை. வருஷாந்தக் கூட்டத்துக்குக் கடற்கரை ஹோட்டலுக்கு வந்தால், ஹோட்டல் பையன்கள் அவர்களை மணலில் போட்ட கதிரையோடு சேர்த்துக் கட்டிவிட்டுத் தேத்தண்ணி பரிமாறுகிறார்கள். காற்று கூடினால் இன்னொரு முடிச்சுப் போடுவார்கள்.

யூஜினி அவரை மன்னித்தாளா என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. பின்னேரம் கில்பட் வீட்டுக்கு வந்து கூப்பிட்டால், அவள் முதலில் முற்றத்து மணலை எட்டிப் பார்க்கிறாள். வேலிப் படலையிலிருந்து வாசல்வரை கால்தடம் இருந்தால், அடுப்பில் தண்ணீர் வைக்கிறாள்.