வண்டிக்கு அடியில் கேட்டது

சர்வேயர் ஒரு வார்த்தை சொன்னால் அது எல்லைக்கல் நட்ட மாதிரி. நட்டதைப் பிடுங்குகிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. விடுமுறை நாளும் அதுவுமாக அவர் தம் காருக்கு அடியில் அட்டையை விரித்து மல்லாந்து கிடந்ததற்கும் அப்படிச் சொல்லிவிட்ட ஒரு வார்த்தைதான் காரணம்.

மூத்த மகளுக்கு நிச்சயம் செய்திருந்த வீட்டுக்குப் போன வாரம் எல்லோருமாகப் போயிருந்தார்கள். சம்பந்தி வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க, வாங்க. தெருமுனையிலேயே உங்க வண்டி குரல் கொடுத்துடுச்சு. நல்லதாப் போச்சு, சட்டை மாட்டிக்கிட்டு வர நேரம் கெடச்சுது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சர்வேயரும் உதட்டளவில் சிரித்து வைத்தார். பிறகு, நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்தபடி சொன்னார்: "அடுத்த தடவை நாங்க வர்றது உங்களுக்குத் தெரியாது."

அந்த அடுத்த தடவை நாளைக்கு.

பட்டறையில் விட்டிருக்கலாம். ஆனால் பட்டறைக்காரர்களுக்குக் கையை விட வாய் வேகம். ஒரு வீட்டின் குறை அந்த வீட்டுக் கூரைக்கு அடியிலேயே தீர வேண்டும் என்று நினைக்கிறவர் சர்வேயர். அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. காடு மேடெல்லாம் பழைய ஜீப்பில் அளக்கப் போனவர் என்பதால், ஸ்பேனர் பிடிக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முன் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கைக்கு ஆர்ம் என்று பெயர். அதன் முனையில் இருக்கும் புஷ் என்கிற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டது. பள்ளம் மேடு கண்டால் அதுதான் கிறீச்சிட்டது. புது ஆர்மே வாங்கி வந்தாயிற்று. பழையதைக் கழற்ற வேண்டும். மற்ற பிடிமானங்கள் எல்லாம் மரியாதையாக விட்டுக்கொடுத்துவிட்டன. புஷ்ஷுக்குள் ஓடும் நீளமான போல்ட் ஒன்றுதான் மசியவில்லை.

மைத்துனன் ஸ்பேனரின் மறுமுனையைப் பிடித்துத் தொங்கினான். மனைவியின் தம்பி. விடுமுறை என்றால் அக்கா வீட்டில்தான் இருப்பான். அத்தான் வெளியே போனால் வாய் திறப்பான், உள்ளே வந்தால் மூடிக்கொள்வான். இன்றைக்கு வேலை மும்முரத்தில் கொஞ்சம் மறந்துவிட்டான்.

"அசையுது அத்தான்! வந்துடுச்சு!"

"வரலை. கையை எடு."

கையை எடுத்ததும் ஸ்பேனர் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பியது.

"என்ன அத்தான் இது, பிகு பண்ணுது?"

"ரப்பர்தான் முறுக்கிக் குடுக்குது. போல்ட்டு உள்ள இருக்கற குழாயோட துருப்பிடிச்சு ஒண்ணாயிடுச்சு."

"இந்த வீட்டு இரும்பாச்சே. லேசுல வளைஞ்சு குடுக்குமா?"

சர்வேயர் அவனைப் பார்த்தார். மைத்துனனுக்கு உடனே உள்ளே ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது.

துரு இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் பீய்ச்சி ஊறவிட்டார். ஸ்பேனருக்குக் கைநீளம் கொடுக்க ஒரு குழாய் வேண்டும் என்று தோன்றியது. "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு நடந்தார். தெருக்கோடிக் கடை பாதிக் கதவு சாத்தியிருந்தது. குழாய் கிடைத்தது. திரும்பும்போது பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். வந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. தம் வீட்டுக்கு வருவதற்குத் தாக்கீது எதற்கு?

அங்கே வெயில் எட்டவில்லை. தரையில் சிந்திய எண்ணெயில் வெளிச்சம் பட்டு, வண்டியின் அடிவயிற்றில் மெல்ல அலைந்துகொண்டிருந்தது. போல்ட்டின் முனையில் ஒரு சொட்டு திரண்டது. விழுவதா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் செருகியது.

கனவில் அவர் தம் வீட்டையே அளந்துகொண்டிருந்தார். சங்கிலி அறை அறையாக ஊர்ந்து போனது. சுவர்கள் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளிந்தன. அளவு நிற்கவே இல்லை. கூடத்தின் நடுவில் யாரோ ஒரு நெடிய அளவுகோலை நட்டிருந்தார்கள். மனைவியும் மகள்களும் அதில் இடித்துக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றிப் போனார்கள், முகத்தில் எந்த வருத்தமும் இல்லாமல். யார் இதை நட்டது என்று கேட்க வாயெடுத்தார். வாய் அசையவில்லை. நின்றுகொண்டிருந்த அந்தக் கோல் அவர்தான்.

சிரிப்புச் சத்தம் கேட்டு விழித்தார்.

சமையலறை ஜன்னல் அவர் தலைக்கு நேரே மேலே இருந்தது. உள்ளே பாட்டுப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து யாரோ பாடினார்கள், நல்ல குரல். அது தம் மனைவியின் குரல் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"நான் செஞ்சு காட்டறேன், பாருங்க" என்றாள் இளைய மகள். "கிறீ...ச்!"

தடதடவென்று கால்கள் ஓடின. பாட்டு நின்றது. நாற்காலி இழுபட்டது.

"பெரியவ புஸ்தகம். அம்மா கரண்டி. மாமா மேசையிலேர்ந்து காலை எடுத்தாச்சு. நான் தலையைப் பின்னியாச்சு. இப்ப அப்பா உள்ள வரார்." அவள் தொண்டையைக் கனைத்தாள், அச்சு அசல் அவரைப் போலவே. "ம்ம்ம்... என்ன, வீடு அமைதியா இருக்கு?"

வீடே குலுங்கிச் சிரித்தது.

"அந்த புஷ்ஷை மாத்திட்டா நம்ம கதி என்னடி?" என்றான் மைத்துனன். "வாசல்ல ஆள் போட்டு வைக்கணும்."

"போல்ட்டு வராமலே போகட்டும் மாமா" என்றாள் மூத்தவள்.

"போதும், வாயை மூடுங்க" என்றாள் மனைவி. அவள் குரலிலும் சிரிப்பு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அது தணிந்தது. "உங்களுக்கு அது விளையாட்டு. மழை நாள்ல அவர் வரத் தாமதமாச்சுன்னா, அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும்."

பாட்டுப் பெட்டி மறுபடி பாடியது.

சர்வேயர் அசையாமல் கிடந்தார். கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தார்; வரவில்லை. அவர் இல்லாத நேரத்தில் இந்த வீட்டில் இவ்வளவு சிரிப்பு புழங்குகிறது. அவர் தெரு திரும்பும்போது அது கதவிடுக்குகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இத்தனை காலம் அவர் கண்டதெல்லாம் அது போன பிறகு கிடக்கும் வெறும் கூடம்.

போல்ட்டைப் பார்த்தார். இப்படியே விட்டுவிடலாம். துரு பிடித்துக்கொண்டது, பெயர்க்க முடியவில்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. நாளைக்கு வண்டி கத்திக்கொண்டே போகும்; சம்பந்தி சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார், சிரிப்பார். இந்த வீட்டுக்குள் இருப்பதும் இருக்கிறபடி இருக்கும். ஆனால் புஷ் மாறிவிட்டால் ஒரு நாள் அவர் சத்தமில்லாமல் வந்து நிற்பார், அந்தச் சிரிப்பின் நடுவில். அது பாதியில் அறுந்துபோவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கொடுத்த வார்த்தை என்று ஒன்று இருக்கிறது. ஸ்பேனரை மாட்டினார்.

இம்முறை முரட்டுத்தனம் காட்டவில்லை. கொஞ்சம் இறுக்குவது, கொஞ்சம் தளர்த்துவது, போல்ட்டின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டுவது, மறுபடி எண்ணெய். தூளியை ஆட்டுவது போல முன்னும் பின்னும். அவருக்கே மறுபடி தூக்கம் வரும் போலிருந்தது. எந்த ஆட்டத்தில் என்று தெரியவில்லை, ஸ்பேனர் போன இடத்திலேயே நின்றது. திரும்பி வரவில்லை. உள்ளிருந்து ஒரு சின்ன முனகல் கேட்டது, செம்மண் நிறத்தில் துரு கசிந்தது. போல்ட் சுழலத் தொடங்கியது.

"வந்துடுச்சு" என்றார், யாருக்கும் கேட்காமல்.

புது ஆர்மைப் பொருத்தி, சக்கரத்தை மாட்டும்போதுதான், தாம் வந்தது உள்ளே தெரியட்டும் என்று வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்து நடந்தார். உள்ளே பாட்டு நின்றது. முன் சக்கரங்களைக் கனத்த மரக்கட்டைகள் மேல் இறக்கிவிட்டு, பின் சக்கரங்களுக்கும் அண்டை கொடுத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் வந்து வண்டியில ஏறி உட்காருங்க."

"எங்க போறோம்?" என்றாள் மனைவி, ஈரக் கையோடு.

"எங்கயும் இல்லை. எடை ஏறின பிறகுதான் அந்த போல்ட்டைக் கடைசியா இறுக்கணும். தொங்கும்போது இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே கெடந்து கிழிஞ்சுபோகும். நாளைக்கு யார் யார் போறோமோ அவங்க எடை வேணும்."

"அப்ப ஓட்டறவர் எடை?"

"உன் தம்பி எதுக்கு இருக்கான்?"

ஏறினார்கள், மனைவி முன்னால் தம்பிக்குப் பக்கத்தில், மகள்கள் பின்னால். கதவுகள் சாத்தப்பட்டன. வண்டி ஒரு பெருமூச்சு விட்டுச் சற்றே தாழ்ந்தது. சர்வேயர் அடியில் நுழைந்து ஸ்பேனரைப் பொருத்தினார். ஓடாத வண்டிக்குள் நாலு பேர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் எவ்வளவு நேரம் முடியும்? அவர் முகம் அவர்களுக்குத் தெரியவில்லை. முதலில் மைத்துனன் ஸ்டீயரிங்கைத் திருப்புவது போல் ஏதோ செய்திருக்க வேண்டும், இளையவள் களுக்கென்றாள். "சும்மா இரு." "மாமா, பள்ளம், பள்ளம்!" "கெட்டியாப் பிடிச்சுக்குங்க!" நாலு பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது வண்டியின் அசைவில் அவருக்குத் தெரிந்தது. கிறீச்சென்ற சத்தம் வரவில்லை. தலைக்கு மேலே, தகரத்துக்கு அப்பால், சிரிப்பு மழைபோல் பெய்துகொண்டிருந்தது.

"இனிமே அப்பா வர்றது எப்படித் தெரியும்?" என்று இளையவள் கிசுகிசுத்தாள். யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள்.

"ஹாரன் அடிக்கிறேன்" என்றார் அவர் அடியிலிருந்து. "தெருமுனையிலேயே. உங்க மாமா மேசையிலேர்ந்து காலை எடுக்க நேரம் வேணுமே."

ஸ்பேனரை இன்னொரு கால் சுற்று இழுத்தார்.

"மழை நாள்ல ரெண்டு தடவை அடிக்கிறேன்."

முதலில் வெடித்தது மைத்துனன். "அத்தான்! அங்கதான் இருந்தீங்களா அப்ப?" மகள்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். வண்டி குலுங்கியது. அவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் அது நிற்கவில்லை. மைத்துனனுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து மட்டும் சிரிப்பு வரவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"அப்பா, ஆச்சா? இறங்கலாமா?"

போல்ட் எப்போதோ இறுகிவிட்டிருந்தது. சர்வேயர் ஸ்பேனரைச் சத்தமில்லாமல் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, மேலே அலையும் வெளிச்சத்தைப் பார்த்தார்.

"இன்னும் இல்லை" என்றார். "கொஞ்ச நேரம் அப்படியே இருங்க."