மூணு பால், ரெண்டு ஸ்ட்ரைக்

குன்னத்தில் மக்காச்சோளம் குவிண்டால் இரண்டாயிரத்து நூறுக்கு விற்ற வாரம், பி.டி. டீச்சர் ஜெயசித்ராவின் விரல்கள் அவரைக் கேட்காமலே உயரத் தொடங்கின. பெரம்பலூரில் நடந்த சாஃப்ட்பால் இறுதியாட்டத்துக்கு அவர்தான் அம்பயர். பந்து விலகி வந்தால் பால், இடக்கையில் ஒரு விரல். சரியாக வந்தும் அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக், வலக்கையில் ஒரு விரல். மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டை பிடித்தவள் அவுட். நான்கு பால் ஆகிவிட்டால் அவள் சாவகாசமாக நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம், யாரும் மறிக்க முடியாது. அன்று மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்கில் நின்ற ஒருத்தி முப்பத்தோரு பந்துகளைக் கோட்டுக்கு வெளியிலேயே அடித்தாள். அப்படி அடித்தால் எண்ணிக்கை மாறாது. முப்பத்தோரு முறையும் டீச்சர் அதே விரல்களைக் காட்டினார். வீடு திரும்பியும் கைகள் வேலையை விடவில்லை. எங்கள் தெருவில் யாரைப் பற்றி யார் பேசினாலும் பொய்க்கு இடக்கை, மெய்க்கு வலக்கை. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

ஐப்பசியில் தா.பழூரிலிருந்து வெற்றிச்செல்வி மகளோடு வந்து, அரங்கநாதனின் மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டாள். கிடைக்காவிட்டால் அடிக்கிற புருசனிடமே திரும்ப வேண்டும். அது தெரிந்தும் எங்கள் வாய் சும்மா இருக்கவில்லை.

“போலீஸ் கேஸ் இருக்காம்ண்ணே” என்றாள் எங்களில் ஒருத்தியான சுமதி, கேட்டை மறித்து நின்ற அரங்கநாதனிடம். குழாயடியில் நின்ற டீச்சரின் இடக்கையில் ஒரு விரல். தினமும் கருவாடு வறுப்பாள் என்றோம், வலக்கை. விடிய விடியத் தையல் மிஷின் ஓட்டுவாள், வலக்கை. மகளுக்குத் தொத்து வியாதி, பழைய வீட்டில் சுவரை இடித்தாள், இரண்டும் இடக்கை.

“மூணு பால், ரெண்டு ஸ்ட்ரைக்” என்று டீச்சர் அறிவித்தார்.

இன்னும் ஒரு மெய் போதும், அவள் பஸ் ஏற வேண்டியதுதான். எங்களிடம் ஒன்று இருந்தது: அவள் பூனை வளர்த்தாள், அரங்கநாதனுக்குப் பூனையே ஆகாது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

“பதினோரு பூனைண்ணே” என்றாள் கொளஞ்சியம்மாள்.

நான்காவது விரல் உயர்ந்தது. கேட் தானே திறந்தது, அரங்கநாதனின் கால்கள் அவரை ஓரமாக நகர்த்தின, சாவி மகள் கையில் இருந்தது. வெற்றிச்செல்வி நிதானமாக மாடி ஏறினாள்.

“ஒண்ணுதாங்க” என்றாள் பாதிப் படியில், பையைத் தொட்டு.

மறுநாள் அவளுடைய கேஸ் சிலிண்டரை மேலே தூக்கிக் கொடுத்தது நாங்கள்தான். ஆரம்பத்திலிருந்தே நாங்கள் அவள் பக்கம். இதை எழுதும்போது குழாயடியில் டீச்சரின் இடக்கை உயர்கிறது, உயரட்டும்.